சாமியார் இல்லாத கல்யாணம்

எங்கள் பங்குக் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் மெய்விவாகம் செய்யப் போகிறார்கள், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று. மறைமாவட்டம் நடத்தும் திருமணத் தயாரிப்பு வகுப்பில் ஒரு மணி நேரம் பேச என்னைக் கூப்பிடுவது வழக்கம். ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை, வாயைத் திறந்தால் மூடாதவள் என்ற இரண்டு தகுதிகளே போதும் என்று நினைத்திருப்பார்கள். அங்கே வரும் பிள்ளைகளில் ஒருவராவது கேட்பார்கள்: "டீச்சர், ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டா கோயில் ஏன் ஒத்துக்க மாட்டேங்குது? ஆதியிலேர்ந்தே இப்படித்தானா?"

ஆதியிலிருந்து இப்படி இல்லை. கிறிஸ்தவத்தின் முதல் 1,500 ஆண்டுகளில் மேற்கு ஐரோப்பாவில் சாமியார் இல்லாமல், சாட்சி இல்லாமல், கோயில் வாசலை மிதிக்காமல் இருவர் கல்யாணம் செய்துகொண்டால், அது பாவமாக இருக்கலாம், தண்டனைகூடக் கிடைக்கலாம். ஆனால் கல்யாணம் செல்லும். உடலைக் கண்டு இத்தனை பயந்த ஒரு மதம் எப்படி இருவர் வாயிலிருந்து வரும் சொல்லுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுத்தது என்பதுதான் எனக்கு இந்த வரலாற்றில் தீராத வியப்பு.

பயம் எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பவுல் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதியபோது காலம் குறுகிவிட்டது, உலகம் முடியப் போகிறது என்ற எதிர்பார்ப்பில் இருந்தார். தன்னைப் போல் தனியாக இருப்பது நல்லது, முடியாதவர்கள் கட்டிக்கொள்ளட்டும் என்பது அவர் யோசனை. அதே இடத்தில் கணவன் உடல்மேல் மனைவிக்கும், மனைவி உடல்மேல் கணவனுக்கும் ஒரே அளவு உரிமை என்றும் எழுதினார். முதல் நூற்றாண்டு ஆணுக்கு அது சாதாரணப் பேச்சு இல்லை. பின்னால் வந்தவர்கள் முதல் பாதியைத்தான் உரக்கப் படித்தார்கள்.

ஆனால் அன்றைய உரோமில் கன்னியாக இருப்பேன் என்று ஒரு பெண் சொல்வது அடக்கத்தின் அடையாளம் இல்லை, கலகம். அகஸ்டஸ் பேரரசர் கொண்டுவந்த சட்டங்கள் கல்யாணம் செய்யாதவர்களுக்கும் பிள்ளை பெறாதவர்களுக்கும் சொத்துரிமையில் அபராதம் விதித்தன. இரண்டாம் நூற்றாண்டில் பரவிய தெக்லா கதையில், இக்கோனியம் ஊர்ப் பெண் ஒருத்தி சன்னல் வழியாகப் பவுலின் பேச்சைக் கேட்டு நிச்சயித்த கல்யாணத்தை முறித்துக்கொள்கிறாள். அவளை எரித்துவிடுங்கள் என்று கத்துபவள் அவளைப் பெற்ற தாய். கதை கற்பனையாகவே இருக்கட்டும், அதைக் கேட்டுக் கண்கலங்கிய பெண்கள் கற்பனை இல்லை. 320-இல் கான்ஸ்டன்டைன் அந்த அபராதங்களை நீக்கினார். அதற்குப் பிறகு கன்னிமை கலகமாக இருந்தது போய் மேட்டிமையாக மாறியது.

அந்த மேட்டிமையை எதிர்த்து உரோமில் ஒரு துறவி வாய் திறந்தார். ஜொவினியன் என்று பெயர். திருமுழுக்குப் பெற்ற கன்னியும் கைம்பெண்ணும் மனைவியும் கடவுள் முன்னால் சமம் என்றார். 393 வாக்கில் உரோமிலும் மிலானிலும் அவரைக் கண்டித்து வெளியேற்றினார்கள். ஜெரோம் அவருக்கு எதிராக ஒரு நூல் எழுதினார். மனைவிமாரையும் மறுமணத்தையும் அவர் இழித்துப் பேசிய வேகத்தில் அவர் பக்கத்து ஆட்களே கூசிப்போனார்கள். நண்பர் பம்மாக்கியுஸ் கடைகளிலிருந்தும் கைகளிலிருந்தும் பிரதிகளைத் திரும்ப வாங்கப் பார்த்தார். முடியவில்லை. வசைக்கு எப்போதும் வாசகர் உண்டு.

அகுஸ்தினார் நிதானமானவர். ஜெரோம் உடைத்ததை ஒட்டவைப்பதுபோல 401 வாக்கில் கல்யாணத்தின் நன்மை பற்றி எழுதினார். பிள்ளைப்பேறு, பரஸ்பர விசுவாசம், முறிக்க முடியாத பிணைப்பு என்ற மூன்று நன்மைகள் உண்டு, ஆகவே கல்யாணம் நல்லதுதான் என்றார். ஆனால் ஆசை என்பது ஆதாமின் வீழ்ச்சியால் கெட்டுப்போன ஒன்று, பிள்ளைக்காக அல்லாமல் கணவன் மனைவி கூடினால் அதிலும் சிறு பாவம் உண்டு என்ற கணக்கும் அவருடையதே. இதை மறுத்தவர் எக்லானம் ஊர் ஆயர் ஜூலியன். அவர் ஆயர் ஒருவரின் மகன், தாமும் மணமானவர். பசியைப் போல் ஆசையும் கடவுள் தந்த இயல்பு என்பது அவர் வாதம். தோற்றது அவர்தான்.

அகுஸ்தினாரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண் ஞாபகம் வரும். கார்த்தேஜில் படித்த காலத்திலிருந்து பதினைந்து ஆண்டுக்குக் கிட்ட அவரோடு வாழ்ந்தாள், அதேயோதாத்துஸ் என்ற மகனைப் பெற்றாள். தாய் மோனிக்கா நல்ல இடத்தில் பெண் பார்த்தார். பெண்ணுக்குச் சட்டப்படியான வயதாக இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. அதற்காக இவளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். வேறு ஆணை அறியமாட்டேன் என்று நேர்ந்துகொண்டு போனாள், மகனை விட்டுவிட்டு. காத்திருக்க முடியாமல் அகுஸ்தினார் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டார். இத்தனையும் அவரே எழுதிவைத்தது. அவள் பெயரை மட்டும் எழுதவில்லை. மேற்கத்தியத் திருச்சபை ஆசையைப் பற்றி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் யோசித்த விதத்தில் அந்த மனிதரின் சொந்தக் குற்றவுணர்ச்சிக்குப் பங்கே இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

கிழக்கத்திய சபைகள் வேறு வழியில் போயின. 692-இல் கான்ஸ்டான்டினோபிளில் கூடிய சங்கம், மணமானவர் குருவாகலாம், மனைவியோடு வாழலாம், ஆயராகிறவர் மட்டும் பிரிய வேண்டும் என்று வைத்தது. குருவின் ஆசீர் இல்லாமல் கல்யாணம் செல்லாது என்று ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சட்டம் போட்டவர் பேரரசர் ஆறாம் லியோ. மூன்றாம் கல்யாணத்தைக் கண்டித்துச் சட்டம் எழுதியவரும் அவரே. பிறகு வாரிசு பிழைக்காமல் அவரே நான்காம் கல்யாணம் வரை போனார். நான்காவது கல்யாணத்துக்காக மறைமுதல்வர் நிக்கோலாஸ் அவரைக் கோயில் வாசலில் தடுத்து நிறுத்தினார். 920-இல் ஓர் உடன்பாடு எழுதி, நான்காம் கல்யாணம் யாருக்கும் இல்லை என்று முடித்தார்கள். இன்றும் ஆர்த்தடாக்ஸ் சபைகளில் மூன்றுதான் எல்லை.

உரோமில் நிலைமை என்ன என்பதற்கு 866-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று இருக்கிறது. புதிதாகக் கிறிஸ்தவரான பல்கேரிய அரசர் போரிஸ் போப் முதலாம் நிக்கோலாசுக்குக் கேள்விக்கணைகளாக எழுதியனுப்பினார். வந்த பதிலில் 106 பகுதிகள். கால்சட்டை போடலாமா என்பதுகூட ஒரு கேள்வி. ஆணோ பெண்ணோ போட்டுக்கொள்ளுங்கள், அதில் ஒன்றுமில்லை என்றார் போப். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு கூடலாமா என்றதற்குக் கூடாது என்றார். கல்யாணச் சடங்கு பற்றி அவர் சொன்னதுதான் முக்கியம்: நிச்சயம், மோதிரம், கோயிலில் ஆசீர், தலையில் கிரீடம் எல்லாம் நல்ல வழக்கங்கள், ஆனால் வசதியில்லாமல் இவற்றை விட்டால் பாவமில்லை, இருவரின் சம்மதம் மட்டும் இருந்தால் போதும். உரோமைச் சட்டத்தின் பழைய கொள்கை இது. சட்டத்தில் அந்தச் சம்மதத்தோடு தகப்பன் சம்மதமும் ஒட்டியிருந்தது. திருச்சபை கொஞ்சம் கொஞ்சமாகத் தகப்பனைக் கழற்றிவிட்டது.

அந்தக் காலத்துப் பாவப்பரிகாரப் புத்தகங்களை நான் வகுப்பில் சொல்வதில்லை. புதுப்பெண்கள் சிரித்துச் சிரித்து மற்றதைக் கேட்கமாட்டார்கள். தவக்காலம் முழுவதும் கூடாது, திருவருகைக்காலத்தில் கூடாது, ஞாயிறு கூடாது, புதனும் வெள்ளியும் கூடாது, கர்ப்பத்திலும் தீட்டிலும் கூடாது, நற்கருணை வாங்கும் நாளுக்கு முன்னும் கூடாது. கழித்துப் பார்த்தால் மிச்சம் கொஞ்சம்தான். ஜனங்கள் அதன்படி நடந்திருந்தால் ஐரோப்பாவில் ஆள் இருந்திருக்காது.

குருக்கள் விஷயத்தில் 11-ஆம் நூற்றாண்டு வரை மேற்கிலும் கிராமத்துச் சாமியார் வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். சட்டம் தடுத்தது, ஊர் ஏற்றுக்கொண்டது. ஏழாம் கிரகோரி காலத்தில் கெடுபிடி தொடங்கியது. 1139-இல் இரண்டாம் லாத்தரன் சங்கம் குருக்களின் கல்யாணமே செல்லாது என்றது. காலையில் மனைவியாக எழுந்தவள் மாலையில் வைப்பாட்டியானாள், அவள் பிள்ளைகளும் அப்படியே. சொத்து சிதறாமல் திருச்சபையிடமே தங்கியது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நம் பக்கத்திலேயே இதே காட்சி 1599-இல் நடந்தது. கேரளத்து மார்த்தோமா கிறிஸ்தவர்களின் கத்தனார்கள் குடும்பஸ்தர்கள். கோவாவிலிருந்து வந்த பேராயர் மெனெசிஸ் உதயம்பேரூரில் கூட்டிய சங்கம் அவர்களை மனைவியரிடமிருந்து பிரியச் சொன்னது.

இனி என் கட்சிக்கு வருகிறேன். சாமியாரின் மனைவியை விரட்டிய அதே 12-ஆம் நூற்றாண்டில்தான் சட்ட அறிஞர்கள் கேட்டார்கள்: ஒரு கல்யாணம் எந்த நிமிடத்தில் கல்யாணமாகிறது? பொலோஞாவில் கிரேசியன், சம்மதத்தில் தொடங்கி உடல் கூடுதலில் முழுமையாகிறது என்றார். பாரிசில் பீட்டர் லொம்பார்டு, கூடுதல் வேண்டியதில்லை, உன்னை என் மனைவியாக ஏற்கிறேன் என்று நிகழ்காலத்தில் சொன்ன நொடியிலேயே முடிந்தது என்றார். பாரிஸ்காரர்கள் கையில் ஒரு பெரிய துருப்பு இருந்தது. கூடினால்தான் கல்யாணம் என்றால் மரியாவும் சூசையப்பரும் தம்பதிகளே இல்லையே! கன்னிமையை உயர்த்திப் பிடித்த பக்திதான் வாய்ச்சொல்லை உயர்த்தியது. போப் மூன்றாம் அலெக்சாண்டர் 1159 முதல் 1181 வரை இருந்தவர். வழக்கு வழக்காகத் தீர்ப்பு எழுதி இதை நிலைநிறுத்தினார். நிகழ்காலத்தில் சம்மதம் சொன்னால் கல்யாணம். வருங்காலத்தில் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கூடினாலும் கல்யாணம். தகப்பன் சம்மதம், சாமியார், சாட்சி, மோதிரம் எதுவும் கட்டாயம் இல்லை. ஆணுக்கு 14, பெண்ணுக்கு 12 ஆகியிருந்தால் போதும்.

இதன் விளைவை நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றப் பதிவுகளில் கல்யாணங்கள் நடந்த இடங்கள் இருக்கின்றன: மர நிழலில், சமையலறையில், கொல்லன் பட்டறையில், தோட்டத்தில், சாராயக்கடையில், வேலியோரத்தில், படுக்கையில், நெடுஞ்சாலையில். வழக்குகளில் பெரும்பாலானவை மணமுறிவு கேட்டு வந்தவை அல்ல. இவன் என்னை மணந்தான், இப்போது மறுக்கிறான் என்று ஒருத்தி வருவாள். அவன் இல்லை என்பான். சாட்சி இல்லாவிட்டால் நீதிபதி என்ன செய்வார்? கடவுள் முன்னால் மணமானவர்கள் நீதிமன்றத்தின் முன்னால் அந்நியர்களாகிப் போவார்கள். அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் ஓலை வாசிக்கச் சொன்னது. அதே சங்கம் உறவுமுறைத் தடையை ஏழு தலைமுறையிலிருந்து நான்காகக் குறைத்தது. ஏழு தலைமுறைக் கணக்கில் பெரிய மனிதர்கள் அனைவரும் உறவினர்கள், வேண்டும்போது கட்டிக்கொண்டு வேண்டாதபோது உறவைக் கண்டுபிடித்துவிடலாம். பிரான்சின் ஏழாம் லூயியும் எலினோரும் 15 ஆண்டு வாழ்ந்து இரண்டு பெண்களைப் பெற்றபின் 1152-இல் இப்படித்தான் பிரிந்தார்கள். நம்மூரில் மாமன் மகளைக் கட்டுவதற்கு இன்றும் ஆயர் இல்லத்தில் விதிவிலக்கு வாங்குகிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

ஓலை வாசிக்காமல் கட்டினால் தண்டனை உண்டு, ஆனாலும் கல்யாணம் செல்லும் என்பதை மட்டும் லாத்தரன் மாற்றவில்லை. அந்த இடுக்கில்தான் மார்ஜரி நுழைந்தாள்.

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பாஸ்டன் என்றொரு குடும்பம். அவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்கள் தப்பிப் பிழைத்திருப்பதால் 15-ஆம் நூற்றாண்டு வீடு ஒன்றின் சண்டைகளை நாம் சமையலறை வரை போய்க் கேட்க முடிகிறது. கொள்ளுத்தாத்தா கிளெமென்ட் தன் நிலத்தைத் தானே உழுத ஆள். கடன் வாங்கி மகனைச் சட்டம் படிக்கவைத்தார், மகன் நீதிபதியானார், சொத்து குவிந்தது, மூன்றாம் தலைமுறையில் பெருங்குடி என்ற பேரும் வந்தது. இந்த வீட்டுப் பெண் மார்ஜரி, அவர்களுடைய காரியஸ்தர் ரிச்சர்ட் கால் என்பவரை விரும்பினாள். வாடகை வசூல், கணக்கு, வழக்கு எல்லாம் பார்த்துக்கொண்ட கெட்டிக்காரர் அவர். ஆனால் அவர் ஆட்கள் ஃபிரம்லிங்காம் ஊரில் கடை வைத்திருந்தவர்கள். என் தங்கை அந்த ஊரில் மெழுகுவத்தியும் கடுகும் விற்பதற்கு நான் ஒருநாளும் இசையமாட்டேன் என்று ஓர் அண்ணன் எழுதினான். ஏர் பிடித்த கொள்ளுத்தாத்தாவை மறக்க மூன்று தலைமுறை போதுமாயிருந்தது. இந்தப் பேச்சை நம் ஊரில் கேட்டிராதவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

இருவரும் யாருக்கும் தெரியாமல் சொல் மாற்றிக்கொண்டுவிட்டார்கள். வீட்டுக்குத் தெரிந்ததும் பிரித்து வைத்தார்கள். 1469-இல் ரிச்சர்ட் அவளுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. தம்பதிகளாக இருந்தும் சேர்ந்து வாழ முடியாத வேதனை முழுதும் அதில் உண்டு. படித்ததும் எரித்துவிடச் சொல்லியிருந்தார். எரியாமல் போனது நமக்கு அதிர்ஷ்டம்.

விவகாரம் நார்விச் ஆயர் வால்டர் லைஹெர்ட்டிடம் போனது. தாய் மார்கரெட்டும் பாட்டி ஆக்னெஸும் நேரில் போய் ஆயரிடம் தவணை கேட்டார்கள். ஆயர் இழுத்தடிக்க மறுத்து, அந்தச் செப்டம்பரில் மார்ஜரியைக் கூப்பிட்டார். முதலில் புத்தி சொன்னார்: உன் பிறப்பென்ன, உறவென்ன, இவர்கள் கைவிட்டால் உன் கதி என்ன. பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டார்: நீ அவனிடம் சொன்ன சொற்கள் எவை? அவை கல்யாணமாகுமா என்று நான் பார்க்க வேண்டும். மார்ஜரி அவற்றைச் சொன்னாள். அந்தச் சொற்கள் போதாதென்றால் இங்கிருந்து போகும் முன்னால் இன்னும் உறுதியாகச் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றும் சொன்னாள். அடுத்து ரிச்சர்டைத் தனியாக விசாரித்தார். அவளில்லாமல் அவர் சொன்னதும் அவள் சொன்னதும் பொருந்தின.

தீர்ப்பை ஆயர் சில வாரம் தள்ளிவைத்தார், ஆனால் சட்டம் அவர் கையைக் கட்டியிருந்தது. தாய்க்கும் அது புரிந்துவிட்டது. விசாரணையில் என்ன நடந்தது என்று கேள்விப்பட்ட அன்றே, மகளை வீட்டுக்குள் சேர்க்கக் கூடாதென்று ஆளனுப்பிவிட்டாள். தெரிந்தவர்களையும் சேர்க்க வேண்டாமென்று எச்சரித்தாள். ஆயர்தான் நார்விச் நகரில் ஒருவர் வீட்டில் அவளுக்கு இடம் பார்த்துக் கொடுத்தார். கல்யாணம் நின்றது. ரிச்சர்ட் இல்லாமல் கணக்கு ஓடாததால் பாஸ்டன் வீட்டார் பிறகு அவரையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். மூன்று மகன்கள் பிறந்தார்கள். 1482-இல் மார்கரெட் எழுதிய உயிலில் மார்ஜரியின் மூத்த மகனுக்கு 20 பவுண்டு இருக்கிறது.

பணமும் செல்வாக்கும் இருந்த ஒரு குடும்பம், தன் வீட்டுப் பெண் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியத்தை அழிக்க முடியாமல் நின்றது. ஜெரோமும் அகுஸ்தினாரும் வளர்த்த அதே திருச்சபையின் சட்டம்தான் அவளுக்குத் துணை. ஆனால் அதே சட்டம் எத்தனையோ பெண்களை ஏமாந்தவர்களாகவும் ஆக்கியது. ரிச்சர்ட் வேறு மாதிரி ஆளாக இருந்து, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றிருந்தால் மார்ஜரியின் கதை அங்கே முடிந்திருக்கும்.

சீர்திருத்தக்காரர்கள் இந்த ஓட்டையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். லூத்தரைப் பற்றி நம் ஆட்கள் சொல்வதில் பாதி சரி. 1523 ஈஸ்டரை ஒட்டி நிம்ப்ஷன் மடத்திலிருந்து கன்னியர் பலர் மீன் வியாபாரி ஒருவரின் வண்டியில் தப்பினார்கள். அவர்களில் ஒருத்தி கத்தரீனா. அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று தள்ளி, லூத்தரின் நண்பர் ஆம்ஸ்டோர்ஃப் அல்லது லூத்தர், இவர்களில் ஒருவர் என்றால் சரி என்றாள். 1525 ஜூன் 13-ஆம் நாள் 41 வயது லூத்தர் அவளை மணந்தார். துறவியும் கன்னியும் கட்டிக்கொண்டதில் ஐரோப்பா அதிர்ந்தது. கன்னிமை மேல், கல்யாணம் கீழ் என்ற ஆயிரம் ஆண்டு ஏணியை அவர் சாய்த்தார். கல்யாணம் உலகக் காரியம், அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்றார், மணமுறிவுக்கும் வழி வைத்தார். கூடவே, பெற்றோருக்குத் தெரியாத கல்யாணம் கல்யாணமே இல்லை என்றும் சொன்னார். மடத்துக் கதவைத் திறந்தவர் தகப்பன் கையில் சாவியைக் கொடுத்தார். ஹெஸ்ஸே பிரபு ஃபிலிப் மனைவி இருக்கும்போதே 1540-இல் இன்னொருத்தியைக் கட்ட, அதற்கு ரகசிய ஆலோசனை எழுதிக் கொடுத்து, வெளியே தெரிந்ததும் மறுத்துவிடச் சொன்ன கதையும் லூத்தருக்கு உண்டு. அதைச் சீர்திருத்த ஞாயிறன்று யாரும் பிரசங்கிப்பதில்லை.

ஏணி எவ்வளவு சாய்ந்தது என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி அமெரிக்காவில் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்டன் நகரத்துப் பியூரிட்டன் சபை ஜேம்ஸ் மாட்டக் என்பவரை விலக்கி வைத்தது. குற்றங்களில் ஒன்று: இரண்டு ஆண்டாக மனைவியோடு கூடாமல் இருந்தது. கல்யாணத்துக்கு முன் அவளிடம் தவறாக நடந்ததற்குத் தனக்குத் தானே தண்டனை என்று சாக்குச் சொன்னாராம். ஜெரோம் இருந்திருந்தால் இவரைப் புனிதராக்கியிருப்பார்.

கத்தோலிக்கர் பக்கத்தில் நெருக்கடி பிரான்சிலிருந்து வந்தது. அரசர் இரண்டாம் ஹென்றி தன் மகள் டயானை, படைத்தலைவர் மொன்மொரன்சியின் மகனுக்குக் கொடுக்க நினைத்தார். பையனோ ஏற்கெனவே வேறொரு பெண்ணுக்குச் சொல் கொடுத்திருந்தான். ஆத்திரத்தில் 1556-இல் ஓர் ஆணை பிறந்தது: 30 வயதுக்குட்பட்ட மகனும் 25 வயதுக்குட்பட்ட மகளும் பெற்றோரைக் கேட்காமல் கட்டினால் சொத்திலிருந்து தள்ளலாம். திரெந்து சங்கத்தில் பிரான்சுக்காரர்கள் ஒரு படி மேலே போய், அப்படிப்பட்ட கல்யாணத்தையே செல்லாததாக்குங்கள் என்றார்கள். மாதக்கணக்கில் வாக்குவாதம் நடந்தது. இரண்டு கிறிஸ்தவர்களின் சம்மதத்தால் உண்டாகும் அருட்சாதனத்தை ஒரு சட்டத்தால் எப்படி இல்லையென்று சொல்வது என்று எதிர்த்தவர்கள் பலர். 1563 நவம்பர் 11-ஆம் நாள் வந்த ஆணை நடுவழியாகப் போனது. பெற்றோரால் கல்யாணத்தை அழிக்க முடியும் என்பவனுக்குச் சாபம் என்று முதலில் சொன்னது. அடுத்து, இனிமேல் பங்குச் சாமியாரும் இரண்டு அல்லது மூன்று சாட்சிகளும் இல்லாவிட்டால் கல்யாணம் செல்லாது என்றது. ஓலை மூன்று முறை, பதிவுப் புத்தகம் கட்டாயம். கன்னிமையைவிடக் கல்யாணம் மேல் என்பவனுக்கும் அதே அமர்வில் சாபம். ஜொவினியனை 1,100 ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்கள் விடவில்லை.

அந்த நாளில்தான் சாமியார் கல்யாணத்துக்குள் வந்தார், அதுவும் சாட்சியாக மட்டுமே. அவர் வாய் திறக்காவிட்டால் கல்யாணம் செல்லாது என்று சட்டம் சொல்லவில்லை, அங்கே இருந்து கேட்டால் போதும். ஆகவே சாமியார் சம்மதிக்காவிட்டால் இரண்டு சாட்சியோடு அவர் வீட்டுக்குள் பாய்ந்து, அவர் காதில் விழும்படி இருவரும் சொல்லிவிட்டு ஓடிவருவது ஒரு வழியானது. மான்ட்சோனியின் புகழ்பெற்ற இத்தாலிய நாவலில் ரென்சோவும் லூசியாவும் செய்யப் பார்த்தது அதையே. பயந்தாங்கொள்ளிச் சாமியார் மேசைவிரிப்பை எடுத்து லூசியாவின் தலையில் போட்டு, அவள் வாக்கியம் முடியாமல் பார்த்துக்கொள்கிறார். இந்தச் சந்து 1908 ஈஸ்டர் அன்று நடைமுறைக்கு வந்த ஆணையால் மூடப்பட்டது. குருவே முன்வந்து கேட்டு, சம்மதத்தைப் பெற வேண்டும். திரெந்து ஆணை வாசிக்கப்படாத நாடுகளுக்கும் அப்போதுதான் ஒரே விதி வந்தது.

இங்கிலாந்து 1754 வரை பழைய விதியிலேயே ஓடி, லண்டன் ஃபிளீட் சிறைச்சாலையைச் சுற்றிக் கல்யாணக் கடைகள் போடும் அளவுக்குப் போய், ஹார்ட்விக் பிரபுவின் சட்டத்தால் நின்றது. ஸ்காட்லாந்தில் அந்தச் சட்டம் செல்லாது. எல்லை தாண்டியதும் வரும் கிரெட்னா கிரீன் ஊரில் கொல்லன் பட்டறையில் இரண்டு சாட்சி முன்னால் சொன்னாலே மணமானது. 1940-இல்தான் அதை நிறுத்தினார்கள். மூன்றாம் அலெக்சாண்டரின் சட்டம் கடைசியாக உயிர்விட்ட இடம் ஒரு பட்டறை!

20-ஆம் நூற்றாண்டில் சண்டை படுக்கையறைக்கு மாறியது. 1930 ஆகஸ்டில் லாம்பெத்தில் கூடிய ஆங்கிலிக்கன் ஆயர்கள், முன்பு இருமுறை கண்டித்த கருத்தடையை நிபந்தனையோடு அனுமதித்தார்கள். ஆதரவு 193, எதிர்ப்பு 67. அந்த ஆண்டின் கடைசி நாளில் போப் பதினோராம் பத்திநாதர் மறுப்பு எழுதினார். 1960-களில் உரோம் அமைத்த ஆய்வுக் குழுவில் சிகாகோவைச் சேர்ந்த பேட்ரிக், பேட்டி குரோலி தம்பதியும் இருந்தார்கள். பல நாட்டுக் கத்தோலிக்கத் தம்பதிகளின் கடிதங்களைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். குழுவில் பெரும்பான்மையோர் மாற்றலாம் என்றார்கள். 1968 ஜூலை 25 தேதியிட்ட சுற்றுமடலில் ஆறாம் பவுல் மாற்றமுடியாது என்றார். எங்கள் தெருச்சுவரில் அரசு குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்துகொண்டிருந்த காலம் அது. அம்மாவும் அத்தைமாரும் கோயிலிலிருந்து திரும்பும்போது அந்தச் சுவரைப் பார்க்காமல் நடப்பார்கள். பார்க்காமல் நடந்தவர்களில் எங்கள் அத்தை ஒருவருக்கு இரண்டே பிள்ளைகள்.

சட்டம் என்று வந்தால் நம் கிறிஸ்தவப் பெண்களுக்கு வாய்த்ததையும் சொல்ல வேண்டும். 1857-இல் இங்கிலாந்து ஒரு மணமுறிவுச் சட்டம் போட்டது. மனைவி தவறினால் அது ஒன்றே கணவனுக்குப் போதும்; கணவன் தவறினால் கூடவே கொடுமை, கைவிடல் போன்ற இன்னொன்றையும் மனைவி நிரூபிக்க வேண்டும். அதையே 1869-இல் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு ஏற்றுமதி செய்தார்கள். இங்கிலாந்து 1923-இல் சமமாக்கிக்கொண்டது. இங்கே 2001 வரை அப்படியே கிடந்தது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் பாதி இந்தியச் சட்டப் புத்தகத்துக்கு வந்து சேர இவ்வளவு காலம்.

வகுப்பில் ரிஜிஸ்டர் ஆபீஸ் கேள்விக்கு 1563-ஐச் சொல்லி முடித்துவிடுவேன். பிள்ளைகளுக்கு அதைவிட முக்கியமாக நான் சொல்வது, ஓலைக்கு முன்னால் பங்குத்தந்தை நடத்தும் விசாரணையைப் பற்றி. பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியே உட்காரவைத்துக் கேள்வித்தாளை நிரப்புவார். உன் முழு மனதோடு வருகிறாயா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று அதில் இருக்கும். மிரட்டிப் பெற்ற சம்மதத்தில் நடந்த கல்யாணம் இன்றைய திருச்சபைச் சட்டப்படியும் செல்லாது. பெண்ணோடு சேர்ந்து அப்பாவும் உள்ளே போக எழுந்தால், விவரம் தெரிந்த சாமியாராக இருந்தால் அவரை வராந்தாவிலேயே உட்காரச் சொல்வார்.